இரண்டு சொட்டில் நின்ற ரத்தம்

ஒரு சின்னப் பஞ்சுருண்டை. அதன் நடுவில் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. மாமாவை நினைத்தால் முதலில் என் கண்முன் வந்து நிற்பது இதுதான். ஊசியை உருவிய கையோடு பஞ்சை வைத்து, "மடக்கி அழுத்திப் புடி மாமா, அஞ்சு நிமிஷம் எடுக்காத" என்று சொல்லிவிட்டு, ரத்தம் பிடித்த சோதனைக் குழாயின்மேல் பெயர் எழுதத் திரும்புவேன். எழுதி முடிப்பதற்குள் பஞ்சு என் மேசைமேல் இருக்கும். பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைப்போல அதை என் முன்னால் வைத்துவிட்டு முழங்கையை நீட்டிக் காட்டுவார். "பாத்தியா பாப்பா? ரெண்டே சொட்டு. நின்னுடுச்சி. நம்ம ரத்தம் சொன்னா கேக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம்தானே? யாராவது என் பேச்சைக் கேட்டால்தானே!

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நான் கும்மிடிப்பூண்டியில், ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஷிப்டுக்குப் போகிற அவசரம், வெறும் வயிற்றில் வந்த எரிச்சல், ஊசி பயம், எல்லாம் சேர்ந்து என் தலையில்தான் இறங்கும். நானும் சும்மா இருக்க மாட்டேன். எனக்கு வாய் நீளம் என்று அக்கா சொல்வாள். மாமா அதையே பாராட்டாகச் சொல்வார். "எங்க மச்சினிகிட்ட ஊசி குத்திக்க வர்றவன் ரெண்டு தடவ குத்து வாங்கினு போவான், கையில ஒண்ணு, வாயால ஒண்ணு" என்று வரிசையில் நிற்கிற ஆட்களிடம் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். எரிச்சலில் இருந்த கூட்டம் அதோடு இளகிவிடும். அவர் வந்துபோன நாட்களில் எனக்கு வேலை சுலபமாக முடியும்.

எங்கள் அப்பா காலம்வரை ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் இறங்கி நாற்று நட்ட குடும்பம். மாமா காலத்தில் சேற்றிலிருந்து இரும்புக்கு வந்துவிட்டோம். அவருக்குக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. உலையிலிருந்து செக்கச்செவேலென்று வரும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே நுழைந்து நீண்டு மறுபக்கம் பாய்ந்து வரும். அதன் தலையை நீண்ட இடுக்கியால் கப்பென்று பிடித்து, திருப்பி, அடுத்த உருளைக்குள் செலுத்த வேண்டும். ஒரு கண் சிமிட்டுக்குத் தவறினாலும் கம்பி நெளிந்து ஆள்மேல் விழும். கம்பியின் பிசிறு கையைக் கிழிப்பதெல்லாம் அங்கே ஒரு விஷயமே இல்லை. ஒரு கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். மற்றவர்களின் துணி நனைந்துபோகுமாம், மாமாவின் துணி நனையாதாம். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கோழி அறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாலும் சரி, முகம் மழிக்கும்போது கீறிக்கொண்டாலும் சரி, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு உப்புப் போட்ட மோரும், குளுக்கோஸ் கரைத்த தண்ணீரும் மில்லிலேயே கொடுப்பார்கள். வியர்வையில் போவதை ஈடுகட்டத்தான். மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அது தெரிந்தும் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரை அவர் விட்டதில்லை. கேட்டால், "உலைக்கு முன்னாடி வந்து நின்னு பாரு. சக்கரையாவது கிக்கரையாவது, ஒடம்புல ஒண்ணியும் தங்காது, ஆவியா போய்டும்" என்பார். சர்க்கரை அளவை அச்சடித்துக் கையில் கொடுத்தாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். காலையில் ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடையில் நாஷ்டா, அதோடு சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கரடியாகக் கத்தியும் பிரயோஜனம் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு வந்தது. அந்த வருஷம் எங்கள் தெருவில் காய்ச்சல் இல்லாத வீடே கிடையாது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் வடியவே இல்லை. மாமாவைத் திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேதான் எங்கள் குடும்பம் முழுக்க 'பிளேட்லெட்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டது. நான் படிப்பில் தட்டணுக்கள் என்று படித்திருந்தேன். காயம்பட்ட இடத்தில் போய் ஒட்டி, ரத்தம் வெளியே போகாமல் அடைக்கிற துளித்துளி அணுக்கள். அந்த வார்டில் அவை கடவுளுக்குச் சமம். காலையில் எண்ணிக்கை வந்ததும் கட்டிலுக்குக் கட்டில் கேட்பார்கள், "உங்களுக்கு எவ்ளோ? ஏறிச்சா, எறங்கிச்சா?" முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கவுண்ட் சொல்லி அழுதார்கள், கவுண்ட் சொல்லிச் சிரித்தார்கள்.

மாமாவின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. ரெண்டே சொட்டில் நிற்கிற ரத்தம் என்று பெருமையடித்த மனிதர், தலையணை உறையில் சிவப்பைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா எங்கெங்கோ அலைந்து பப்பாளி இலை கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் இருந்த பப்பாளி மரங்கள் எல்லாம் மொட்டையாகின. அந்த வார்டில் ஒரு நர்ஸம்மா ரொம்பக் கண்டிப்பு. காய்ச்சலுக்கோ உடம்பு வலிக்கோ வெளியிலிருந்து மாத்திரை வாங்கித் தரக்கூடாது என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போவார். அக்காவிடம் ஒரு மாத்திரையின் பெயரையே சொல்லி எச்சரித்தார். "ஆஸ்பிரின் மட்டும் தெரியாத்தனமா கூடக் குடுத்துடாதம்மா. பிளேட்லெட்ட வேலை செய்ய வுடாது. ரத்தம் நிக்காது, ஆள் போயிடுவாரு." அக்காவுக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆனாலும் அந்தப் பெயரை அவள் ஒரு வேத வசனம்போல மனப்பாடம் செய்துகொண்டாள்.

எண்ணிக்கை ஒரு நாள் நின்றது, மறுநாள் ஏறியது, பிறகு ஏறிக்கொண்டே போய் லட்சத்தைத் தாண்டியது. மாமா பிழைத்தார். வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே அக்கா சபையில் சாட்சி சொன்னாள். ஆண்டவர் நமக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது எங்கள் சபையில் வழக்கம். வேலை கிடைத்தவர் சொல்வார், பிள்ளை பெற்றவள் சொல்வாள். அக்கா அதுவரை ஒரு தடவைகூட மைக்கைத் தொட்டதில்லை. அன்று அதை வாங்கி, "என் ஊட்டுக்காரருக்கு பிளேட்லெட்டு பதினெட்டாயிரத்துக்கு எறங்கிப் போச்சி. டாக்டருங்களே கைய விரிச்சாங்க. ஆண்டவரு அத்த லட்சத்துக்கு மேல ஏத்திக் குட்த்தாரு. அவரு ஏத்தினத எவனாலயும் எறக்க முடியாது" என்றாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. மாமா ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, இளைத்த கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். எனக்கு அழுகை சுலபமாக வராது, அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் அக்கா அவரைக் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவருவாள். சர்க்கரை பார்க்க அல்ல, பிளேட்லெட் பார்க்க. "எதுக்குக்கா? டெங்கு போயிடுச்சி, இனிமே அத்தப் பாத்து இன்னா ஆவப்போவுது?" என்று நான் கத்துவேன். "நீ பாத்து மட்டும் சொல்லுடி" என்பாள். மெஷின் ஓடி அச்சடிக்கும். எண்ணிக்கை எப்போதும் நன்றாகவே இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்வாள். மாமா பஞ்சை எடுத்து என் மேசைமேல் வைப்பார். ரெண்டே சொட்டு. எல்லாம் சரியாக இருப்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த மெஷினோடு பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அது எண்ணும், எண்ணி அச்சடிக்கும். அந்த அணுக்கள் உடம்புக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்கிற மெஷின் எங்களிடம் இல்லை.

ஒரு நாள் மாமா சிறுநீர் நுரைக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். சோப்புத் தண்ணி மாதிரி வருதே என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் விடவில்லை, பரிசோதித்தேன். புரதம் கசிந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் முதல் தகவல். ஊரில் எல்லாரும் போகிற டாக்டரம்மாவிடம் அன்று சாயங்காலமே அழைத்துப் போனேன். அவர் நிதானமாகப் பார்த்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகளை மாற்றி எழுதினார். கடைசியாகச் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. கால்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரைகளை இனித் தொடவே கூடாது என்றும், குளுக்கோஸ் தண்ணீர் கூடாது என்றும் சொன்னார். மாமா நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். உலையை விட்டு வெளிமுற்றத்தில் கம்பிக்கட்டு அடுக்குகிற வேலைக்குக்கூட மாறிக்கொண்டார். நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தப்பிக்கவில்லை. புரதம் குறைவதற்குப் பதில் கூடியது. காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு உடம்பிலேயே தங்குகிறது என்று அதற்கு அர்த்தம். மறுபடி மூவரும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மாமாவுக்குப் பெயர் தெரியாது, நிறம்தான் கணக்கு. மஞ்சள் போடுகிறேன், ரோஸ் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அந்தச் சின்ன வெள்ள மாத்திரதான் நீங்களே நிறுத்திட்டீங்களே" என்றார்.

"நான் எப்போ நிறுத்தினேன்?" என்றார் டாக்டரம்மா.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். முதல் தடவை மாத்திரை வாங்கும்போதே அக்கா மருந்துக் கடைக்காரரிடம் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அந்தச் சின்னதை எடுத்துக் காட்டி அவர் ஆஸ்பிரின் என்று சொல்லியிருக்கிறார், பிளேட்லெட்டை ஒட்டவிடாமல் ரத்தத்தை இளக்கமாக வைக்கும் என்றும் விளக்கியிருக்கிறார். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிமேல் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். கொடுத்தால் ஆள் போயிடுவார் என்று நர்ஸம்மா சொன்ன அதே பெயர். மாமாவிடம், டாக்டரம்மா போன் பண்ணி இது வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டாள். மற்ற மாத்திரைகளையெல்லாம் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உனக்கு அறிவு இருக்குதாக்கா? யாரக் கேட்டு நிறுத்தின? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறேனே, என்னை ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்று டாக்டரம்மா முன்னாலேயே கத்திவிட்டேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "சபையில நின்னு சாட்சி சொல்லிக்கிறேன்டி. ஆண்டவரு ஏத்திக் குட்த்தத, நானே என் கையால எப்படிடி எறக்குவேன்?" என்றாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் விளக்கினார். அதை அவள் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு ஆதங்கம். "டெங்கு வேற, இது வேற. டெங்குவுல பிளேட்லெட் எண்ணிக்கை குறையும். சக்கரை வியாதியில எண்ணிக்கை குறையாது, குணம் மாறிடும். அடிபட்ட எடத்துல போய் ஒட்டுறதுதான் அதோட வேலை. சக்கரை ஏறின ரத்தத்துல அது எதுக்கெடுத்தாலும் ஒட்டும், அடிபடாத எடத்துலயும் ஒட்டும். கிட்னிக்குள்ள ரத்தம் வடிகட்டுற குழாய் தலைமுடிய விட மெல்லிசு. அங்க போய்க் கூட்டம் போட்டா என்ன ஆகும்? நம்ம ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோக்காரங்க சவாரி இல்லாம வண்டிய குறுக்க நிறுத்திட்டு நிக்கிற மாதிரிதான். அதுவும் சும்மா நிக்காது. தனக்குள்ள இருக்கிற சரக்கையெல்லாம் அங்கயே கொட்டும். அந்த எடம் வீங்கும், தழும்பாகும், வடிகட்டி ஓட்டையாகும்." மாமா தன் முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்போ ரெண்டே சொட்டுல நின்னுச்சே, அது?" டாக்டரம்மா, அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். மாமா அதற்குப் பிறகு முழங்கையைத் தொடவில்லை.

நான் விடாமல் கேட்டேன். அந்த மாத்திரையை விழுங்கியிருந்தால் கிட்னி தப்பித்திருக்குமா? டாக்டரம்மா தான் எழுதிய பழைய சீட்டை எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அத நான் குடுத்தது இதயத்துக்காக. கிட்னியக் காப்பாத்தியிருக்கும்னு சொல்ல மாட்டேன். காப்பாத்தியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். இன்னும் அதுல ஆராய்ச்சிதான் பண்ணிட்டிருக்காங்க. வருஷக்கணக்கா ஏறிக் கெடந்த சக்கரையும் பிரஷரும்தான் பெரிய காரணம். அந்தம்மாவ ரொம்பத் திட்டாதீங்க" என்றார்.

வெளியே அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். மாமா நேராக அவளிடம் போய், "ஒரு மாத்திர கம்மியா முழுங்க வச்ச, மகராசி. வா, டீ குடிக்கலாம்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவள், அந்த வார்த்தையில் உடைந்துபோய் நடுத்தெருவில் அழுதாள். பிறகு தனியாக என்னிடம் சொன்னார்: "உங்க அக்காவ ஒண்ணியும் சொல்லாத பாப்பா. அவ என்னைக் காப்பாத்தத்தான் பாத்தா." நான் சொல்லவில்லை. மாறாக, அன்று ராத்திரி அவளுக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். "யக்கா, அந்த மாத்திர கிட்னிக்குக் குட்த்ததே இல்லியாம். இதயத்துக்காம். நீ நிறுத்துனதுனாலதான் கிட்னி போச்சின்னு யாரும் சொல்ல முடியாதாம்." டாக்டரம்மா சொன்னதுதான். என் கையிலிருந்து ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அவள் என்னையே பார்த்துவிட்டு, "எனக்காகச் சொல்ற" என்றாள்.

மறுநாளிலிருந்து அந்தச் சின்ன மாத்திரையைத் தன் கையாலேயே அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ஆனால் சிறுநீரகம் தேறவில்லை. அடுத்த வெயில்காலத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு இடத்தில், வாரத்துக்கு மூன்று நாள். ரயிலில் போய் ரயிலில் திரும்புவார்கள். மில்லில் கணக்கை முடித்துக்கொண்டார். உலைக்கு முன்னால் நின்ற ஆள், குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து குடித்தார். அளந்ததும் போதாமல் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது.

அங்கேதான் அவருடைய ரத்தம் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. அவர் கையில் டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். ஊசியை எடுத்த பிறகு அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு நின்று வெகுநேரம் ஆன பிறகும் மாமாவுக்கு நிற்காது. மூக்கில் ரத்தம் வந்தது. பல் துலக்கினால் வந்தது. அக்கா பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தாள். "பிளேட்லெட்டு பாருடி, கொறைஞ்சி போயிருக்கும்." பார்த்தேன். எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. சிறுநீரகம் கெட்டு, கழிவு தங்கிய ரத்தத்தில் அதே தட்டணுக்கள் சோம்பிப்போய்விடும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக் கெடுத்துவிட்டு, ஒட்ட வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டன. என் மெஷின் மட்டும் எப்போதும்போல 'இயல்பு' என்றே அச்சடித்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்போல இருந்தது.

ரத்தம் நிற்கவில்லை என்பதால் அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அதைக் கேட்டு அக்கா அழுத அழுகை இருக்கிறதே! "குடுக்காதன்றாங்க. அப்பறம் குடுன்றாங்க. இப்போ நிறுத்துன்றாங்க. நான் இன்னாடி பண்ணுவேன், எனக்கு இன்னா தெரியும்?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே அணு, ஒரே மாத்திரை, நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் நியாயம் வேறாக இருக்கிறது. படித்த எனக்கே தலை சுற்றும் விஷயம் இது. யாராவது முதலிலேயே அவளை உட்காரவைத்து, எண்ணிக்கை வேறு, குணம் வேறு என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நேரம் இல்லை.

ஒரு தடவை நானும் அவர்களோடு ரயிலில் திரும்பினேன். மத்தியான வண்டி, கூட்டமில்லை. மாமா ஜன்னலோரம், பக்கத்தில் அக்கா. அவர் கையைத் தன் மடிமேல் வைத்து, ஊசி குத்திய இடத்துக் கட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். வண்டி ஏறும்போதே பிடித்த விரல், பொன்னேரி தாண்டியும் எடுக்கவில்லை. நகம் வெளுத்துப் போயிருந்தது. நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றதற்குத் தலையை ஆட்டினாள். மாமா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பாத்தியா பாப்பா, இப்போல்லாம் நம்ம ரத்தம் நம்ம பேச்ச கேக்கறதில்ல. பேஜாரு பண்ணுது. உங்க அக்கா பேச்சத்தான் கேக்குது." அக்கா சிரிக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்ததும் நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில், டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமா கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார், ஹார்ட் என்று. கூடியிருந்தவர்களுக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான். சக்கரை வியாதிக்காரர், டயாலிசிஸ் வேறு, இதயம் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையை நிமிர்த்தி, அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு கேட்டாள். "அந்த மாத்திரய டாக்டரம்மா இதயத்துக்குத்தான குட்த்தாங்க? நீதான சொன்ன?" ஆறுதலுக்கென்று நான் கொடுத்த வார்த்தை. அதைப் பத்திரமாக வைத்திருந்து, அன்றைக்கு எடுத்துத் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டாள். "அது இல்லக்கா, எத்தனையோ கீது, யாராலயும் சொல்ல முடியாதுக்கா" என்று உளறினேன். பொய் சொல்வதென்றால் அழகாகச் சொல்லியிருக்கலாம். உண்மை அப்படி அல்ல, மாத்திரையைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் இல்லை, பிழைத்திருக்க மாட்டார் என்றும் இல்லை. டாக்டருக்கு அது ஒரு பதில். புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கு அது என்ன பதில்?

அதன் பிறகு அவள் சபையில் சாட்சி சொல்ல எழுந்ததில்லை. ஆராதனைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், பாடுவாள். சாட்சி நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு தடவை போதகர் ஐயா அவளைப் பார்த்து, சகோதரி எதுனா சொல்றீங்களா என்று கேட்டார். அவள் குனிந்த தலையை இடமும் வலமும் அசைத்தாள். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். டெங்குவில் பிழைத்த ஒரு பையனின் அம்மா மைக்கை வாங்கி, பிளேட்லெட் ஏறிய கதையைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

போன மாதம் அக்கா என் பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். காலையில் வரிசையில் மற்றவர்களோடு நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்தாள். மயக்கமாக வருகிறது, தாகம் அடங்கவில்லை என்றாள். சர்க்கரைதான் என்று ரத்தம் எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசியை ஏற்றும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கும் சக்கரைன்னா, டாக்டரம்மா அந்தச் சின்ன மாத்திரய குடுப்பாங்களா?"

"எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்கக்கா. தேவைன்னா குடுப்பாங்க."

"குட்த்தா முழுங்கிடுவேன்டி. வேணாம்னா வேணாம். இனிமே நானா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள்.

பஞ்சை வைத்து, எல்லாருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் சொன்னேன், அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடி, எடுக்காதே என்று. குழாயில் பெயர் எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டு, ரத்தம் எடுத்து, அனுப்பினேன். அந்த ஆள் வாசலைத் தாண்டும்போதே பஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு பேர் வந்து போனார்கள். திரும்பிப் பார்த்தால், அக்கா சுவரோரம் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரல் பஞ்சின்மேல் இருந்தது. நகம் வெளுத்திருந்தது. நான் போய் அவள் விரலை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். பஞ்சின் நடுவில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

"நின்னுடுச்சிக்கா. எடுத்துடு" என்றேன்.

அவள் விரலை மறுபடி அதே இடத்தில் வைத்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கிறேன்டி" என்றாள்.